ஒரே வீட்ல அப்பாவுக்கு ஃபெரிட்டின் 460, அம்மாவுக்கு 8, இதுல யாருக்கு சுகர் வரும்?

தம்பி, ரெண்டு ரிப்போர்ட்டையும் முழுசா பாத்தேன். படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால நீங்க எழுதினதை சுருக்கமா திருப்பி சொல்லிடறேன். வீடு கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு 52 வயசு, டீ ஃபேக்டரில வேலை, ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு ஸ்டாக்கைக் காட்டற நம்பர்) 460, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்துல இரும்பைச் சுமக்கற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்குங்கறது) 31 சதவீதம், வெறும் வயித்துல சுகர் 114, லிவர் டெஸ்ட்டான எஸ்ஜிபிடி 62, இடுப்பு 40 இன்ச், வார கடைசில கொஞ்சம் குடிப்பாரு. அம்மாவுக்கு 46, தோட்டத்துல இலை எடுக்கப் போறாங்க, ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 8, வெறும் வயித்துல சுகர் 92 தான், ஆனா மூணு மாச சுகர்னு சொல்ற ஹெச்பிஏ1சி 6.1. இரும்பு ஜாஸ்தின்னு யாரோ சொன்னதுல அப்பா கீரை, ராகிக் களி, இரும்பு தோசைக்கல்லு எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. அம்மாவுக்கு சுகர் ஆரம்பம்னு சொல்லிட்டாங்க, அவங்க சோத்தைக் குறைச்சுட்டு ரத்தம் ஊற பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறாங்க. இரும்பு ஏறினா சுகர் வரும்னா, இரும்பே இல்லாத அம்மாவுக்கு ஏன் சுகர் காட்டுதுங்கறதுதான் உங்க கேள்வி.

நான் டாக்டர் இல்ல, குன்னூர்ல ஒரு லேப்ல ரொம்ப வருஷமா பயோகெமிஸ்ட்ரி பாக்கறவ, அதனால மருந்து சொல்ல மாட்டேன், நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு சொல்லுவேன். என் பார்வைல அப்பாவோட 460க்கு காரணம் அனேகமா லிவர்ல சேர்ந்த கொழுப்பு. அம்மாவோட 6.1க்கு காரணம் அனேகமா இரும்புக் குறைச்சல். அதாவது கீரையை நிறுத்தினது வேண்டாத வேலை, அம்மா சோத்தைக் குறைச்சது அதைவிட மோசம், ஏற்கனவே ரத்தம் இல்லாதவங்க மேட்டுல கூடையோட ஏறி இறங்கறாங்க.

சரி, இந்த ஃபெரிட்டின் என்னன்னு முதல்ல பாப்போம். வளர்ந்த ஆம்பளை உடம்புல மொத்தமே 4 கிராம் போலத்தான் இரும்பு. அதுல மூணுல ரெண்டு பங்கு ஹீமோகுளோபினா ரத்தத்துல ஓடிட்டிருக்கும், மிச்சத்துல பெரும்பகுதி லிவர், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைல ஃபெரிட்டின்ங்கற புரதத்துக்குள்ள ஸ்டாக்கா இருக்கும். ஆம்பளைக்கு இந்த ஸ்டாக் 1 கிராம் வரை இருக்கலாம், மாசா மாசம் ரத்தம் போற பொம்பளைக்கு அதுல மூணுல ஒரு பங்கு இருந்தா பெரிசு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, உப்பு ஜாஸ்தியானா ஒண்ணுக்குல போற மாதிரி இரும்பை வெளிய தள்ள உடம்புக்கு வழியே கிடையாது, தோல் உதிர்றது குடல் செல் உதிர்றதுன்னு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் போலதான் போகும். அதனால கட்டுப்பாடு முழுக்க உள்ள வர்ற வாசல்லதான். லிவர் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது, இதைக் கண்டுபிடிச்சதே 2000 வாக்குலதான். ஸ்டாக் நிறைஞ்சா ஹெப்சிடின் ஏறும், குடல்லேர்ந்து ரத்தத்துக்கு இரும்பு போற கதவு சாத்திக்கும். ஸ்டாக் காலியானா ஹெப்சிடின் இறங்கி கதவு தொறக்கும். அதனால நல்ல ஸ்டாக் இருக்கற ஆளு ராகியும் கீரையும் தின்னு இரும்பை ஏத்திக்கறதுங்கறது லேசுல நடக்காது, கதவு சாத்தியிருக்குதே.

இப்ப ரத்தத்துல நாம அளக்கற ஃபெரிட்டின் அந்த ஸ்டாக்லேர்ந்து வெளிய கசியற கொஞ்சூண்டு. உங்க அப்பா பாஷைல சொன்னா, டீ குடோன் வாசல்ல சிந்திக் கிடக்கற தூளைப் பாத்து உள்ள எத்தனை மூட்டைன்னு கணக்கு போடற வேலை இது. மூட்டை நிறைய இருந்தாலும் சிந்தும், எலி கடிச்சு மூட்டை கிழிஞ்சாலும் சிந்தும். ஆனா வாசல்ல தூளே இல்லன்னா உள்ளயும் இல்லன்னு அர்த்தம். ஃபெரிட்டின் குறைஞ்சா அதுக்கு ஒரே காரணம் இரும்புக் குறைச்சல்தான், கூடினா பத்து காரணம்: காய்ச்சல், கிருமி, மூட்டு வீக்கம், சாராயம், கொழுப்பு லிவர், எல்லாத்துக்கும் அப்புறம் நிஜமான இரும்பு. டபிள்யூஹெச்ஓ 2020ல சொன்ன கணக்குப்படி பெரியவங்களுக்கு 15க்கு கீழ போனா குறைச்சல், உடம்புல வீக்கமோ கிருமியோ இருந்தா 70க்கு கீழயே குறைச்சல்னு எடுத்துக்கலாம். மேல போறதுக்கு ஆம்பளைக்கு 200, பொம்பளைக்கு 150ஐத் தாண்டினா யோசிக்கணும்னுதான் இருக்கு, தாண்டின எல்லாருக்கும் இரும்பு நிரம்பி வழியுதுன்னு இல்ல. உங்க லேப் ரிப்போர்ட்ல 400 வரை நார்மல்னு அச்சடிச்சிருக்கும், அது கிட் கம்பெனி கொடுக்கற ரேஞ்ச், அதைப் பாத்து ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

இரும்பு சுகரைக் கொண்டு வருமான்னு கேட்டா, நிறைய இருந்தா வரும், அதுல சந்தேகமே இல்ல. ஹீமோகுரோமட்டோசிஸ்னு ஒரு பரம்பரை நோய், அதுல அந்த ஹெப்சிடின் சரியா சுரக்காம வாசக்கதவு தொறந்தே கிடக்கும், வருஷக் கணக்கா இரும்பு லிவர்லயும் கணையத்துலயும் இதயத்துலயும் படிஞ்சு, தோல் வெண்கல நிறமாகி சுகரும் வரும், அதனாலதான் அந்தக் காலத்து டாக்டருங்க அதுக்கு வெண்கல நீரிழிவுன்னே பேர் வெச்சாங்க. அதோட ஜீனை 1996ல கண்டுபிடிச்சாங்க, வட ஐரோப்பாக்காரங்ககிட்ட சகஜமா இருக்கற அந்த மாற்றம் நம்ம ஜனங்ககிட்ட ரொம்ப அபூர்வம். நம்ம ஊர்ல இந்த மாதிரி இரும்பு ஏறி சுகர் வர்றதைப் பாக்கணும்னா தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் இருக்கற பிள்ளைங்ககிட்டதான் பாக்கணும், மாசா மாசம் ரத்தம் ஏத்தறதுல ஒவ்வொரு பாட்டிலோடயும் 200 மில்லிகிராம் போல இரும்பு உள்ள போகும், வெளிய வர வழியில்ல, இரும்பை எடுக்கற மருந்து ஒழுங்கா போகலன்னா கணையம் கெடும். கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்லுக்கு துரு மாதிரி செல்லை அரிக்கற ஆக்சிஜன் ரேடிக்கல்களைத் தாங்கற சக்தி ரொம்ப கம்மி, அங்க இரும்பு சேர்ந்தா மத்த செல்லை விட சீக்கிரம் அடி வாங்குது.

ஆனா உங்க அப்பா கேஸ் அது இல்ல, இது நடுத்தரம். இந்த நடுத்தரத்துலதான் விஷயம் குழப்பமா இருக்கு. 2004ல அமெரிக்காவுல நர்ஸுங்களை வெச்சு பண்ற பெரிய ஆய்வுல ஒண்ணு வந்துச்சு, சுகர் இல்லாதப்பவே ஃபெரிட்டின் கூட இருந்த பொம்பளைங்களுக்கு அடுத்த பத்து வருஷத்துல டைப் 2 சுகர் அதிகமா வந்திருக்கு, உடல் எடை, வீக்கத்தோட அளவு இதெல்லாம் கழிச்சுப் பாத்தும் அந்தத் தொடர்பு இருந்துச்சு. சரி அப்ப இரும்புதான் காரணம்னு சொல்லிடலாமா? எதிர்ப்பக்கமும் ஓடுது தம்பி. இன்சுலின் கூடினா அது செல்லோட மேல்பரப்புக்கு இரும்பு வாங்கற ரிசெப்டரை அதிகமா கொண்டு வருது, அதாவது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் (இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேக்காம, அதனால இன்சுலின் கூடிப்போற நிலை) இருக்கறவன் செல்லு இரும்பையும் இழுக்குது. லிவர்ல இரும்பு சேர்ந்தா லிவர் இன்சுலின் சொல்றதைக் கேக்காம சக்கரையை வெளிய விட்டுட்டே இருக்கும். கொழுப்பு செல்லுக்குள்ள இரும்பு ஏறினா அடிபோநெக்டின்னு நல்லது பண்ற ஒரு ஹார்மோன் குறையுது, இதை எலில தெளிவாவே காட்டியிருக்காங்க. ஒண்ணு இன்னொண்ணை வளக்குது, எது முதல்லன்னு ஒரு ஆளைப் பாத்து சொல்லிட முடியாது.

1997ல பிரான்ஸ்ல இருக்கற டாக்டருங்க இதை ஒரு தனி நிலையா எழுதினாங்க: ஃபெரிட்டின் கூட, ஆனா டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் நார்மல், கூடவே தொப்பை, சுகர், கொழுப்பு, பிரஷர்ல ஏதாச்சும். லிவர்ல இரும்பு கொஞ்சம் இருக்கும், ரொம்ப இல்ல. உங்க அப்பா ரிப்போர்ட்டை அதோட பக்கத்துல வெச்சா அப்படியே பொருந்துது. நிஜமான இரும்பு ஓவர்லோடுல பெரும்பாலும் சாச்சுரேஷன்தான் முதல்ல 45ஐத் தாண்டும், இவருக்கு 31.

அப்ப ரத்தத்தை எடுத்துட்டா சரியாயிடுமான்னு அடுத்து கேப்பீங்க, ஏன்னா இப்பல்லாம் வாட்ஸ்அப்ல அதுதான் சுத்துது. அதையும் சோதிச்சுப் பாத்தாச்சு. மெட்டபாலிக் சின்ட்ரோம் (தொப்பை, சுகர், கொழுப்பு, பிரஷர் எல்லாம் சேர்ந்து வர்றது) இருக்கற 64 பேரை வெச்சு 2012ல ஜெர்மனில பண்ணதுல ரத்தம் எடுத்தவங்களுக்கு பிரஷரும் சுகரும் கொஞ்சம் இறங்குச்சு. ஆனா கொழுப்பு லிவர் இருக்கற 74 பேரை வெச்சு ஆஸ்திரேலியாவுல 2015ல வந்ததுல ஆறு மாசம் கழிச்சு லிவர் கொழுப்புலயும் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்லயும் ஒரு மாற்றமும் இல்ல, ஃபெரிட்டின் மட்டும் இறங்குச்சு. அதனால நான் என்ன சொல்லுவேன்னா, அப்பா ரத்ததானம் பண்றாருன்னா தாராளமா பண்ணட்டும், டாக்டர் சரின்னு சொன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆம்பளைங்க குடுக்கலாம், மலைல ரத்தம் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும். ஆனா சுகருக்கு வைத்தியம்னு நினைச்சு குடுக்க வேண்டாம்.

அவருக்கு வேலை செய்யறது போரடிக்கற வைத்தியம்தான். முதல்ல சாராயத்தை முழுசா நிறுத்திட்டு ரெண்டு மாசம் கழிச்சு ஃபெரிட்டினும் எஸ்ஜிபிடியும் திரும்ப பாக்கட்டும், வார கடைசில மட்டும்னு சொல்றவங்களுக்கு கூட நிறுத்தினா ஃபெரிட்டின் நல்லாவே இறங்கறதை லேப்ல நான் பாத்திருக்கேன். வயித்துக்கு ஒரு ஸ்கேன், கூட உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டற சிஆர்பி டெஸ்ட், இது ரெண்டும் டாக்டர்கிட்ட கேளுங்க. எடைல பத்துல ஒரு பங்கு குறைஞ்சா லிவர் கொழுப்பு கண்ணால பாக்கற அளவுக்கு கரையும், இதுக்கு ஆதாரம் கெட்டியா இருக்கு. ஃபேக்டரி ஷிஃப்ட்ல மணிக்கு ஒரு தடவை சக்கரை போட்ட டீயும் வர்க்கியும் உள்ள போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, மைதாவும் டால்டாவும் சக்கரையும் அவர் லிவருக்கு பண்றதுல நூத்துல ஒரு பங்கு கூட அந்தக் கீரை பண்ணல. (வர்க்கியைத் திட்டினா நம்ம ஊர்ல சண்டைக்கு வருவாங்க, தெரியும், எனக்கும் பிடிக்கும், ஞாயித்துக்கிழமை ஒண்ணு சாப்பிடட்டும்.) ராகி, அவரை, கீரை, தோசைக்கல்லு எல்லாம் திரும்ப வரட்டும். குறைக்கணும்னா ஆட்டு ஈரலையும் சிவப்புக் கறியையும் குறைக்கலாம், கறில இருக்கற ஹீம் இரும்பு அந்தக் கதவைப் பத்தி அவ்வளவா கவலைப்படாம உள்ள போகும், அதை நிறைய சாப்பிடறவங்களுக்கு சுகர் கூட வருதுன்னு பல ஆய்வுல வந்திருக்கு. மெடிக்கல் ஷாப்ல தெம்புக்குன்னு வாங்கற டானிக், மல்டிவிட்டமின் மாத்திரைல இரும்பு இருக்கான்னு அட்டையைப் பாருங்க, இருந்தா அவருக்கு வேண்டாம். திரும்ப பாக்கறப்ப ஃபெரிட்டின் 1000ஐத் தாண்டினாலோ சாச்சுரேஷன் 45ஐத் தாண்டினாலோ அப்ப கதை வேற, கோயம்புத்தூருக்கு கீழ இறங்கி லிவர் டாக்டரைப் பாத்துடணும்.

இனி அம்மா. இங்கதான் எனக்கு கோவம் வருது, ஏன்னா இந்தத் தப்பு அடிக்கடி நடக்குது. ஹெச்பிஏ1சிங்கறது சக்கரையை நேரா அளக்கற டெஸ்ட் இல்ல, சிவப்பணுல இருக்கற ஹீமோகுளோபின் மேல எத்தனை சதவீதம் சக்கரை ஒட்டியிருக்குன்னு பாக்கறது. ஒரு சிவப்பணு 120 நாள் போல வாழும், எவ்வளவு வயசாகுதோ அவ்வளவு சக்கரை ஒட்டும். இரும்பு இல்லன்னா புது செல் உற்பத்தி மந்தமாகுது, ஓடிட்டிருக்கற ரத்தத்துல பழைய செல்லோட பங்கு கூடிப்போகுது, அதனால சுகர் ஏறாமயே ஹெச்பிஏ1சி ஏறிக் காட்டும். 5.7லேர்ந்து 6.4 வரை ப்ரீடயபட்டிஸ்னு சொல்ற அந்த இடத்துல இந்தப் பொய் ஏத்தம் வந்து விழுந்துச்சுன்னா ஆரோக்கியமா இருக்கற ஆளு சுகர் பேஷன்ட் ஆயிடுவாங்க. வெறும் வயித்துல 92 இருக்கற ஆளுக்கு 6.1 வந்தா, ரெண்டும் ஒத்துப்போகலயேன்னு அங்கயே நின்னு யோசிச்சிருக்கணும். இப்போதைக்கு சுகர் இருக்கா இல்லையான்னு நிச்சயமா தெரியணும்னா 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்கற ஜிடிடிதான் சரி, 140க்கு கீழ வந்தா நிம்மதியா இருக்கலாம். ஹெச்பிஏ1சியை இரும்பு ஏறி ஹீமோகுளோபின் ஒரு நிலைக்கு வந்து மூணு மாசம் ஆனப்புறம் பாருங்க. அவசரப்பட்டு நடுவுல பாத்தா புது செல்லா நிறைஞ்சிருக்கும், அப்ப தப்பா குறைச்சுக் காட்டும், அதுவும் பொய்தான்.

அவங்க ஹீமோகுளோபின் 10.4ங்கறது நீங்க நினைக்கறதை விடவும் குறைச்சல். மேல ஆக்சிஜன் கம்மி, அதனால மலைல இருக்கற உடம்பு கூடுதலா ரத்தம் தயாரிக்கும், அதுக்கு கூடுதலா இரும்பும் செலவாகும். டபிள்யூஹெச்ஓ 2024ல புதுசா போட்ட கணக்குல 1,500லேர்ந்து 2,000 மீட்டருக்குள்ள இருக்கற ஊருக்கு 1.1 கிராம், 2,000லேர்ந்து 2,500க்குள்ள 1.4 கிராம் கூட்டிக்கணும். சமவெளில ஒரு பொம்பளைக்கு 12க்கு கீழதான் ரத்தசோகைன்னா கோத்தகிரில, குன்னூர்ல 13.1க்கு கீழ, ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் 13.4க்கு கீழ. நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்ல இதெல்லாம் போட மாட்டாங்க, கோயம்புத்தூருக்கு போடற அதே 12தான் ஊட்டிக்கும். 12.5ன்னு வந்து நார்மல்னு சந்தோஷமா வீட்டுக்குப் போற ஊட்டி அம்மாக்கள் எத்தனை பேருக்கு மூச்சு வாங்குதோ.

இரும்பு எங்க போச்சுன்னு பாக்கணும், சும்மா மாத்திரை போட்டா ஓட்டைப் பானைதான். 46 வயசு, மாசா மாசம் ஒரு வாரத்துக்கு மேல போகுதுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப கர்ப்பப்பைக்கு ஒரு ஸ்கேன் அவசியம், கட்டி இருக்கலாம், வெக்கப்பட்டு தள்ளிப்போட வேண்டாம்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, இல்ல தங்கச்சியை விட்டு சொல்லச் சொல்லுங்க. தோட்டத்துல செருப்பில்லாம நடக்கறவங்களுக்கு கொக்கிப்புழு இன்னும் இருக்கு, பூச்சி மாத்திரை ஒண்ணு டாக்டர்கிட்ட கேட்டு போட்டுடலாம். மூணாவது டீ. இலைக்குப் போறவங்க டப்பா சோறும் ஃப்ளாஸ்க் டீயும் ஒண்ணா வெச்சுதான் சாப்பிடுவாங்க, சோத்தோட டீ உள்ள போனா தானியத்துல, கீரைல இருக்கற இரும்புல பாதிக்கு மேல குடல்ல ஏறாம போயிடும். பால் ஊத்தினா சரியாயிடும்னு நினைக்காதீங்க, பெருசா மாறாது. தேயிலை எடுக்கறவங்களை டீ குடிக்காதீங்கன்னு சொன்னா சிரிப்பாங்க, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விட்டா போதும். அந்த இடத்துல ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சை பிழிஞ்ச தண்ணியோ இருந்தா அதே சோத்துலேர்ந்து இரும்பு கூட ஏறும். பீட்ரூட்ல 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்பு கூட தேறாது, சிவப்பா இருக்குங்கறதைத் தவிர ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, நம்ம ஊட்டி பீட்ரூட்டை பொரியல் பண்ணி சாப்பிடட்டும். ராகில 100 கிராமுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, முளை கட்டி அரைச்சா இன்னும் நல்லது.

ஆனா ஃபெரிட்டின் 8ஐ சாப்பாட்டால மட்டும் தூக்க முடியாது, மாத்திரை வேணும். அரசு சிவப்பு மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. டோஸ் டாக்டர் சொல்லட்டும், ஒண்ணு மட்டும் கேளுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமான்னு. ஒரு மாத்திரை போட்டா அன்னிக்கு ஹெப்சிடின் ஏறி அடுத்த 24 மணி நேரம் கதவு பாதி சாத்திக்குது, அதனால ஒரு நாள் விட்டு போட்டா மாத்திரைக்கு மாத்திரை உடம்புல ஏறற பங்கு கூடுதுன்னு 2017ல ஆய்வு வந்துச்சு, வயித்து உபத்திரவமும் குறைச்சலா இருக்கும். கால்சியம் மாத்திரை, பால், டீ இதோடல்லாம் சேத்து போட வேண்டாம். மலம் கறுப்பா போகும், பயந்து நிறுத்திடாதீங்க. ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் 1 கிராமாச்சும் ஏறணும், ஏறலன்னா எங்கயோ ஒழுகுது இல்ல மாத்திரை பீரோவுல தூங்குது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஸ்டாக் நிரம்ப இன்னும் மூணு மாசம் போடணும், பாதி பேரு இங்கதான் விட்டுடறாங்க.

இதைப் படிக்கற கூடலூர், பந்தலூர், கோத்தகிரி ஆதிவாசி குடும்பங்களுக்கு தனியா ஒண்ணு. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோயான சிக்கிள் செல் நம்ம நாட்டுல இருக்குன்னு முதல்ல உலகத்துக்குத் தெரிஞ்சதே 1952ல நீலகிரி பழங்குடிகள்கிட்ட பண்ண ரத்தப் பரிசோதனைலதான். சிக்கிள் நோய் இருந்தா சிவப்பணு சீக்கிரமே உடையும், அப்ப ஹெச்பிஏ1சி தப்பா குறைச்சுக் காட்டும், சுகர் இருந்தும் இல்லன்னு வந்துடலாம், அவங்களுக்கு ஹெச்பிஏ1சியே உதவாது, நேரா ரத்த சுகர்தான் பாக்கணும், இல்லன்னா ரத்தப் புரதத்துல ஒட்டின சக்கரையைப் பாக்கற ஃப்ரக்டோசமைன் டெஸ்ட். ரத்தம் குறைச்சலா இருக்கேன்னு ஃபெரிட்டின் பாக்காம இரும்பு மாத்திரையும் குடுத்துட்டே இருக்கக்கூடாது, அதுவும் அடிக்கடி ரத்தம் ஏத்தினவங்களுக்கு.

ரேஷன் அரிசி பத்தியும் கேட்டிருந்தீங்க. செறிவூட்டின அரிசில ஒரு கிலோவுக்கு 28லேர்ந்து 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்கணும்னு விதி, கால் கிலோ சாப்பிட்டா 7லேர்ந்து 10.6 மில்லிகிராம், அதுலயும் கொஞ்சம்தான் ஏறும். அப்பாவுக்கு அது 460 ஆக காரணம் கிடையாது, அம்மாவுக்கு அது மட்டும் போதவும் போதாது.

கடைசியா, 19 வயசு தங்கச்சிக்கும் டெஸ்ட் வேணுமான்னு கேட்டீங்க. வேணும், ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் மட்டும், ஹெச்பிஏ1சி எல்லாம் எழுதிக் குடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஸ்கூல்ல வாரா வாரம் குடுத்த நீல மாத்திரை காலேஜ் ஹாஸ்டல் போனதும் நின்னிருக்கும், அம்மாவுக்கு இருக்கற மாதிரியே மாசக் கணக்கு அவளுக்கும் ஜாஸ்தியான்னு அம்மாவையே கேக்கச் சொல்லுங்க. சளி காய்ச்சல் இருக்கறப்ப போய் ரத்தம் குடுக்க வேண்டாம், ஃபெரிட்டின் ஏத்திக் காட்டிடும், நல்லாயி ரெண்டு வாரம் போகட்டும், லீவுக்கு வர்றப்ப எடுத்தா போதும்.